ஆள் கீழே, வாளி மேலே

— வாளிய இறக்கு.

— மாட்டேன்.

— ஏ இவளே, கடைசி வாளி சேறு அனுப்பி அரை மணி நேரமாச்சு. கொட்டிட்டு இறக்க இவ்வளவு நேரமா? நீ என்ன செய்யிற அங்க?

— கொட்டியாச்சு. கழுவியாச்சு. கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்கேன்.

— எது மேல?

— உன் வாளி மேலதான்யா.

— யாவா?

— ஆமா. யோவ், யா, எல்லாந்தான்.

— பதிமூணு வருஷமா ஏங்க ஏங்கன்னு கூப்பிட்ட வாயா இது? வெயிலு மண்டையில ஏறிடுச்சா உனக்கு?

— வெயில் இல்ல. இன்னைக்குக் காலையில அந்த வாய்க்குப் பூட்டு கழண்டுடுச்சு. அதெல்லாம் கெடக்கட்டும். ஒரு கேள்வி கேக்குறேன். நேரா பதில் சொன்னா வாளி வரும்.

— மேல ஏத்திட்டுக் கேளு. ஒம்பது கேள்வி கேளு. காலு வெறைக்குது இங்க.

— மேல ஏறிட்டா நீ பதில் சொல்ல மாட்ட. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிடுவ. உன்ன எனக்குத் தெரியாதா? நாப்பது அடிக் கிணத்துல படியெல்லாம் ஒடஞ்சு கெடக்கு. இன்னைக்கு விட்டா நீ எனக்குச் சிக்க மாட்ட.

— தொழில்ல மொதப் பாடம் என்ன? கட்டிக்கிட்டு வந்த மறு வாரமே உன்ன ராட்டினத்துல நிக்க வச்சு என்ன சொல்லிக் குடுத்தேன்?

— ஆள் கீழ இருந்தா வாளியும் கீழ இருக்கணும்.

— தெரியுதுல்ல?

— தெரியுது. கயித்த ஒரு இழுப்பு இழுத்தா சேறு வருது, ரெண்டு இழுத்தா நிறுத்து, மூணு இழுத்தா ஆள் வருது. அதுவும் தெரியும். ராட்டினத்துல இருந்து கைய எடுக்கணும்னா மொதல்ல அது சுத்தாம இருக்க சக்கரப் பல்லுல ஆணியப் போடணும். அதுவும் தெரியும். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தியே, வாளி நல்லா இருக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தியா?

— நீ என்ன பேசுறன்னே புரியல எனக்கு.

— புரிய வைக்கிறேன். காலையில வீட்டுல மிச்சமிருந்த அந்த நீல பிளாஸ்டிக் வாளிக்கும் கைப்பிடி கையோட வந்துடுச்சு. குளிக்கத் தண்ணி எடுக்க ஒண்ணுமில்ல. கொட்டகைக்குப் பின்னாடி எதாவது பழசு கெடக்குமான்னு போயித் தேடினேன். தார்ப்பாய்க்கு அடியில ஒரு சாக்கு. சாக்குக்குள்ள ஒரு இரும்பு வாளி. ஒரு பக்கம் கைப்பிடி மாட்டுற காது பிஞ்சு கெடக்கு.

— பழைய இரும்பு. தூக்கிப் போட மறந்துட்டேன்.

— மறந்தவன் சாக்குல சுத்தி, மேல தார்ப்பாய் போட்டு, அதுக்கு மேல பதினாறு செங்கல் அடுக்குவானா? எண்ணிப் பாத்துட்டுத்தான் எடுத்து வச்சேன்.

— அது பூன நொழையுதேன்னு...

— பூன வாளிக்கா வந்துச்சு? யோவ், அது நம்ம பழைய தொழில் வாளி. என் தம்பி கடைசியா ஏறின வாளி. அது கெணத்தோட போச்சு, சேத்துல பொதஞ்சு போச்சுன்னு நீ சொன்ன. ஒரு வருஷமா நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்.

— மொதல்ல என்ன மேல ஏத்து. குடும்ப விஷயத்தக் கெணத்துக்குள்ள இருந்து கத்த வைக்காத. அடுத்தவன் வீடு இது.

— என்னம்மா, சாப்பாட்டு நேரமா? வாளி மேல உக்காந்துட்ட?

— வாங்க சார். சும்மாத்தான். கையி வலிச்சுது.

— அதாவதும்மா, கரண்ட் போயிடுச்சு. மோட்டார் நின்னுடுச்சு பாரு. சத்தமே இல்ல. ஊத்துத் தண்ணி ஏறிடாது உள்ள?

— ஏறும் சார். மெதுவாத்தான் ஏறும்.

— உங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரா? ஏம்ப்பா, நல்லா இருக்கியா?

— இருக்கேன் சார். ஒண்ணும் பிரச்சினை இல்ல. கொஞ்சம் ஓய்வு எடுக்குறோம்.

— எடுங்க எடுங்க. ஒரு வாளி நல்ல தண்ணி தந்தா செடிக்கு ஊத்துவேன். வீட்டுல ஒரு வாளியும் காலியில்ல. கெணறு தூர் வாருறோம், தண்ணி வராதுன்னு என் சம்சாரம் நேத்தே இருக்கிற எல்லாத்துலயும் புடிச்சு வச்சுட்டா. குளிக்கிற வாளி, தொவைக்கிற வாளி, மாடிக்கு ஒண்ணு, மாப்பு போடுற வாளி. காலையில எந்த வாளித் தண்ணியில எனக்கு டீ போட்டான்னு கேட்டேன். பதிலே சொல்ல மாட்டேங்குறா.

— பதில் சொல்லாத ஆளுங்க எல்லா வீட்டுலயும் இருக்காங்க சார். உள்ள போங்க, வெயில்ல நிக்காதீங்க. கரண்ட் எப்ப வரும்னு மட்டும் விசாரிச்சு வைங்க.

— கேட்டுட்டு வர்றேன். நான் சொல்றதச் சொல்லிட்டேன், பாத்து இருங்க. தண்ணியோட வெளையாட்டு வேணாம்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. அப்பவே அவரக் கூப்பிட்டு இவ ஏத்த மாட்டேங்குறான்னு சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?

— நம்ம வீட்டு அழுக்க அடுத்தவன் கொல்லையில எதுக்குக் காயப்போடணும்?

— அழுக்குன்னு ஒத்துக்கிட்ட. நல்லது. இப்பக் கேளு. அந்தப் பிஞ்ச காதுல கட்டுக்கம்பி சுத்தியிருக்கு. ஏழு சுத்து. அது உன் கட்டு. நீ எதைக் கட்டினாலும் முனைய வலப்பக்கமா மடிச்சு உள்ள சொருகுவ. பாப்பாவோட ஸ்கூல் பைக்கும் அப்படித்தான் கட்டிக் குடுத்த. காது ஏற்கெனவே பிஞ்சிருந்துச்சு. உனக்குத் தெரியும். தெரிஞ்சே கம்பிய வச்சுக் கட்டின. அந்த வாளியில என் தம்பிய நிக்க வச்சு இறக்கின. ஆமாவா இல்லையா?

— கயிறு அறுந்துடுச்சுன்னு சொன்னேன்ல?

— கயிறு. அதுவும் அந்த வாளிக்குள்ளதான் சுருட்டிக் கெடக்கு. எனக்குக் கயிறு தெரியாதா? பதிமூணு வருஷமா என் உள்ளங்கைய அறுத்துக்கிட்டு இருக்குற கயிறுய்யா அது. தானா அறுந்த கயிறு முனையில வெளக்குமாறாட்டம் பிரிஞ்சு நிக்கும். இது முடிவெட்டிக்கிட்டு வந்தவன் பிடரியாட்டம் மட்டமா இருக்கு. கத்தி வச்சு அறுத்திருக்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம்னு பாத்த. போலீஸ்காரர் கிட்ட கயிறுன்ன. எங்கம்மா மாருல அடிச்சுக்கிட்டு நின்னாங்க, அவங்க கிட்டயும் கயிறுன்ன. எங்கிட்டயும் கயிறுன்ன. தம்பி அங்க அடிபட்டுக் கெடக்குறான், நீ பக்கத்துல உக்காந்து கயிறு அறுத்துக்கிட்டு இருந்திருக்க. எப்படிய்யா முடிஞ்சுது?

— மொதல்ல அவனத்தான் தூக்கினேன்.

— என்ன?

— மொதல்ல அவனத்தான் தூக்கினேன்னு சொல்றேன். கயித்தப் புடிச்சே இறங்கினேன். இந்தக் கையப் பாத்தல்ல, ரெண்டு மாசம் ஆறாம இருந்துச்சே, அது அன்னைக்கு உரிஞ்சதுதான். வாளி ஒத்தக் காதுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதக் கழட்டிப் போட்டுட்டு அவன் இடுப்புல கயித்தக் கட்டினேன். கயிறு வழியாவே மேல ஏறினேன். ராட்டினத்தச் சுத்தித் தூக்கினேன். மூச்சு இல்ல. அதுக்கப்புறந்தான் திரும்ப இறங்கி வாளிய எடுத்தேன், கயித்த அறுத்தேன். போதுமா? கேட்டல்ல, சொல்லிட்டேன். இறக்கு.

— ஆக, வாளிதான்.

— வாளிதான்.

— ஒரு வருஷமா பொய்.

— பொய்தான். இவளே, தண்ணி முட்டிக்கு மேல வந்துடுச்சு. குளிர் எலும்புல ஏறுது.

— ஏறட்டும். உன்னச் சாக விட மாட்டேன், பயப்படாத. பாப்பாவுக்கு அப்பன் வேணும். ஆனா குளிரட்டும். என் தம்பி கடைசியா பாத்த தண்ணி எவ்வளவு குளிரா இருந்துச்சுன்னு தெரியட்டும் உனக்கு.

— எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதே தண்ணிக்குள்ள இறங்கித்தான் அவன எடுத்தேன்.

— நான் இன்னும் கேள்வியே கேக்கல. இதெல்லாம் எனக்குக் காலையிலயே தெரிஞ்சுபோச்சு. வாளியும் கயிறுமே சொல்லிடுச்சு. கேள்வி வேற.

— என்ன?

— புது வாளி வாங்கி ரெண்டு மாசங்கூட ஆகல அப்ப. இதோ, நான் உக்காந்திருக்கிற இதே வாளி. கனத்த தகடு, காது ரெண்டும் வெல்டு வச்சது. யானைய இறக்கலாம்னு நீயே தட்டித் தட்டிக் காட்டின. அது வீட்டுல இருந்துச்சு. அத விட்டுட்டு அந்தப் பிஞ்ச வாளிய ஏன் எடுத்துட்டுப் போன? கேள்வி அதுதான். புதுசு இருக்கப் பழச ஏன் எடுத்த?

— அவசரம். கையில கெடச்சத எடுத்துட்டுப் போயிட்டேன்.

— பொய். ரெண்டும் கொட்டகையில ஒரே ஆணியில மாட்டியிருக்கும். ஒண்ண எடுத்தாத்தான் இன்னொண்ணு கைக்கு வரும்.

— சரி. புதுச அழுக்காக்க வேணாம்னு நெனச்சேன். நசுங்கிடும்னு நெனச்சேன். கஞ்சத்தனம். என் புத்தி அப்படி. போதுமா?

— அதுவும் பொய். வாங்கின அன்னைக்கே அதுல ஜல்லி அள்ளினவன் நீ.

— நான் எதச் சொன்னாலும் பொய்ங்குற. அப்ப நீயே ஒண்ணு சொல்லிக்க.

— நான் சொல்லட்டுமா? உன் வாயில எப்பவும் ஒரு வார்த்தை கெடக்கும். தாங்கும். கட்டிலுக்குக் கால் ஆடுதுன்னு சொன்னா, தாங்கும். கூரை ஒழுகுதுன்னா, இந்த மழைக்குத் தாங்கும். பாப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல், வாந்தி எடுத்துக்கிட்டு கெடக்கா, டாக்டர் கிட்டப் போலாம்னா, இன்னும் ஒரு நாள் தாங்கும். அன்னைக்கும் அதத்தான் சொல்லியிருப்ப. மாமா, காது பிஞ்சிருக்கேன்னு அவன் கேட்டிருப்பான். தாங்கும்டான்னு நீ சொல்லியிருப்ப. சின்னப் பையன், மாமா சொன்னா வேதம் அவனுக்கு. ஏறி நின்னிருப்பான்.

— போதும்.

— போதாது. நான் அன்னைக்கு வந்திருந்தா ராட்டினத்துல நான் நின்னிருப்பேன், நீதான உள்ள போயிருப்ப? காய்ச்சல்ல கெடந்த பாப்பாவப் பாத்துக்க வீட்டுல இருந்துட்டேன். அதனால அவன் போனான். அந்த ஒரு நெனப்பே என்ன ஒரு வருஷமா அரிச்சுக்கிட்டு இருக்கு. நீ பாட்டுக்கு வாளியச் சாக்குல கட்டி வச்சுட்டு என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்க.

— நான் தூங்கினத நீ பாத்தியா?

— என்னம்மா, இன்னும் இறக்கலையா நீ? கரண்ட் வர ஒரு மணி நேரமாகுமாம். அங்க தண்ணி பளபளன்னு தெரியுதே. அவர ஏத்திட வேண்டியதுதான?

— ஏத்துவேன் சார்.

— சார், வீட்டுக்கார சார். கொஞ்சம் அவ கிட்ட சொல்லுங்க.

— அதாவதும்மா, கெணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையா இல்ல இருக்கு. நான் கெணத்தச் சுத்தம் பண்ணத்தான் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை?

— வாளிக்கு சார்.

— வாளிக்கா? ஒரு வாளிக்கா? நல்லா இருக்கே கதை. வாளின்னா என்னம்மா பெருசா? அடியில ஓட்டை இல்லாம, தண்ணி நின்னா சரி. எங்க வீட்டுல கேட்டா நான் ரெண்டு தருவேன்.

— ஒரு வாளிதான் சார். நீங்க சொல்றது சரிதான். என் மகளுக்குப் பொறந்த அன்னைக்கு வெந்நீர் வெளாவினதும் வாளியிலதான். கூரை ஒழுகுனா வைக்கிறதும் வாளிதான். உக்கார நாற்காலி இல்லாத வீட்டுல விருந்தாளிக்குக் கவுத்துப் போடுறதும் வாளிதான். எங்க மாமியார் படுத்த படுக்கையா கெடந்தப்ப நான் எடுத்துக் கொட்டினதும் வாளியிலதான். எங்கம்மா அதத்தான் எனக்குச் சீதனமா குடுத்தாங்க, வேற ஒண்ணும் இல்லாம. ஒரு நாளுக்கு நூறு வாட்டி கையில எடுத்து வைக்கிறோம், ஒரு வாட்டியாவது அத நெனச்சுப் பாக்குறமா? என் தம்பி ஒரு வாளிக்குள்ள ஒத்தக் கால வச்சு நின்னான் சார். அவன் உசுரு ரெண்டு காதுல தொங்கிச்சு. ஒரு காதுக்குக் கம்பி கட்டி விட்டவரு இதோ உள்ள நிக்கிறாரு.

— எனக்கு... எனக்குத் தெரியாதும்மா.

— தெரியாதுதான். ஒரு வாளிதானன்னு நீங்க சொன்னீங்க. இவரும் அப்படித்தான் நெனச்சிருக்காரு.

— இருந்தாலும் ஒரு உசுருக்கு ஒரு உசுருன்னு... வேணாம்மா. நான் போயி பக்கத்து வீட்டுல ரெண்டு பேரக் கூட்டிட்டு வர்றேன். நான் சொல்றதச் சொல்லிட்டேன். அவசரப்பட்டு ஒண்ணும் செஞ்சுடாத.

— கூட்டிட்டு வாங்க. அவங்க வர்றதுக்குள்ள இவரு சொல்லிடுவாரு.

— சொல்ல மாட்டேன்.

— என்ன சொன்ன?

— தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. வந்தா வரட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. நீ ஊரக் கூட்டு, போலீஸக் கூட்டு. நான் கம்பி கட்டினேன், நான் கயித்த அறுத்தேன், நான் பொய் சொன்னேன். எங்க வேணும்னாலும் சொல்றேன். நீ கேட்டியே அந்த ஒரு கேள்வி, அத மட்டும் விட்டுடு.

— ஏன்?

— விட்டுடுன்னா விட்டுடு.

— மத்த எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்ட. இதுக்கு மட்டும் ஏன் வாய் தெறக்க மாட்டேங்குற? புது வாளி வீட்டுல என்ன தவமா இருந்துச்சு?

— உன் காலப் புடிக்கிறேன். விட்டுடு.

— இது வேறன்னு எனக்கு அப்பவே தெரியும். தம்பி போன அதே மாசம் நீ மூணு பிளாஸ்டிக் வாளி வாங்கிட்டு வந்த. செவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு. துக்க வீட்டுக்கு எவனாவது வாளி வாங்கிட்டு வருவானான்னு எங்கம்மா கேட்டாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி தொழில் வாளிய நான் வீட்டு வேலைக்குத் தொட்டாலே தொண்டை கிழியக் கத்துவ. அதுல அரிசி களையாத, அதுல துணி போடாத, சோப்பு பட்டா கால் வழுக்கும்னு. தம்பி போனதுக்கப்புறம் ஒரு வார்த்தை கத்தினதில்ல நீ. குத்தம் செஞ்சவன் வாலச் சுருட்டிக்கிட்டான்னு இப்பப் புரியுது.

— சரி. அப்படியே வச்சுக்க.

— பாத்தியா, அதுக்கும் சரிங்குற. எதக் குடுத்தாலும் வாங்கிக்கிற. எனக்குப் பயமா இருக்குய்யா நீ இப்படிச் சரி சரிங்கிறது. இந்தா, இறக்குறேன். ஆணிய எடுத்துட்டேன். வருது பாரு. ஏறு.

— மேல இழுத்துக்க. நான் வரல.

— என்ன வரல? இப்பதான வேணும் வேணும்னு கத்தின?

— மேல வந்தா நீ ஆயுசு முழுக்க அதத்தான் கேப்ப. எனக்கு இங்கயே நல்லா இருக்கு.

— ஏறுங்க. யோவ், ஏறுய்யா. உதடு நீலமா இருக்கு உனக்கு, இங்கருந்தே தெரியுது. பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வருவா. அப்பா எங்கன்னா நான் என்ன சொல்லட்டும்? ஏறுங்க.

— ...

— ஏறிட்டீங்களா? கயித்த மூணு இழுப்பு இழுங்க. அப்பத்தான் சுத்துவேன். உங்க பாடந்தான்.

— இழுத்துட்டேன்.

— வர்றீங்க. கையில தெரியுது கனம். உடம்பு ஆடுதே, நடுங்குறீங்களா?

— பேசாம சுத்து.

— சுத்துறேன். சுத்திக்கிட்டே கேக்குறேன். பாதி தூரம் வந்துட்டீங்க. ஒரு நெனப்பு வருது எனக்கு. காலையிலருந்து தொண்டையில நிக்குது, வெளிய வரல. இப்ப வந்துடுச்சு.

— நிறுத்தாத. சுத்து.

— உங்களுக்கும் அவனுக்கும் அந்த வாரந்தான் வாய்த்தகராறு. தனியா தொழில் பாக்குறேன்னு சொன்னான். நீங்க தட்டத் தூக்கி எறிஞ்சீங்க. புது வாளி வீட்டுல இருக்குது, பிஞ்ச வாளிய எடுத்துட்டுப் போறீங்க, அவன இறக்குறீங்க, கயித்த அறுக்குறீங்க, காரணத்த மட்டும் சொல்ல மாட்டேங்குறீங்க. வேணும்னே செஞ்சீங்களா?

— என்ன கேட்ட?

— என் தம்பிய வேணும்னே கொன்னீங்களா?

— அவன எட்டு வயசுலருந்து தோள்ல தூக்கினவன்டி நான்.

— அதனாலதான் கேக்குறேன். இல்லைன்னு சொல்லுங்க. ஏன் பழசுன்னு சொல்லுங்க. இல்லைன்னா நான் அப்படித்தான் நெனச்சுக்குவேன். பாப்பா கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன்.

— பாப்பா கிட்டயா?

— ஆமா. உங்க மாமனக் கொன்னவன் உங்கப்பன்னு.

— வேணாம். இவளே, வேணாம். இத நீ கேட்டா தாங்க மாட்ட.

— தாங்க மாட்டேனா? உங்க வாயில இருந்து இந்த வார்த்தை வந்து இன்னைக்குத்தான் கேக்குறேன். எல்லாம் தாங்கும், நான் மட்டும் தாங்க மாட்டேனா?

— எவ்வளவு ஒசரத்துல இருக்கேன்?

— முக்கால்வாசி. அவன் விழுந்த ஒசரந்தான். ஏன்?

— ஆணியப் போடு.

— எதுக்கு?

— நான் சொல்றதக் கேட்டா உன் கையி ராட்டினத்துல நிக்காது. ஆணியப் போடு மொதல்ல. போட்டுட்டுக் கைய எடு. எடுத்துட்டுத் தரையில உக்காரு.

— போட்டுட்டேன்.

— உக்காந்துட்டியா?

— உக்காந்துட்டேன். சொல்லுங்க.

— அன்னைக்கு நான் புதுசத்தான் எடுக்கப் போனேன். ஆணியில இல்ல. கொல்லையில இருந்துச்சு. நொரையா இருந்துச்சு. கொட்டிட்டு எடுக்கலாம்னு குனிஞ்சேன். உன் தம்பி ஓடி வந்து என் கையப் புடிச்சான். "விடுங்க மாமா, அக்கா ராத்திரி பூரா பொட்டுக்கூடத் தூங்கல. பாப்பா வாந்தி எடுத்த போர்வைய இதுல ஊற வச்சுட்டு இப்பத்தான் கண்ணசந்திருக்கு. கொட்டினா சத்தத்துல எழுந்துடும். நாம பழச எடுத்துக்கலாம், ஒரு நாளைக்குத் தாங்கும்"னான்.